முதல்வர் நாற்காலிக்கு எத்தனை வருஷம்?

கீரமங்கலத்தில் பூ கமிஷன் கடைக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தபோது மதுரை அமெரிக்கன் கல்லூரி பற்றிப் பேச்சு வந்தது. "அமெரிக்காக்காரன்ட்ட காசு இருந்துச்சு, கட்டுனான். இதுல என்ன பெருமை மாப்ள?" என்றார் நண்பர். நக்கீரன் பெயரால் வந்த ஊர் என்று சொல்லிக்கொள்பவர்கள் நாங்கள். குற்றம் கண்டுபிடிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அதைச் சரியான இடத்தில் கண்டுபிடிக்க வேண்டாமா?

அந்தக் கல்லூரி 1881இல் பசுமலையில் தொடங்கியது. முதல்வர் வாஷ்பர்ன். அவருக்குப் பின் வந்த வில்லியம் மைக்கேல் ஜம்ப்ரோதான் அதை மதுரை நகருக்குக் கொண்டுவந்தார். 1913இல் அது பட்டப்படிப்புக் கல்லூரியானது. 1922இல் ஜம்ப்ரோ இறந்தார்.

அவர் மிஷனரி. மதம் பரப்பவும் வந்தவர்தான், அதைப் பூசி மெழுகத் தேவையில்லை. காசும் கடல் தாண்டி வந்ததுதான். ஆனால் காசு கொட்டிய இடத்திலெல்லாம் கல்லூரி நிலைத்துவிடவில்லையே. இடமாற்றம், கட்டிடம், பட்டப்படிப்பு என்று தொடங்கிய வேலையை முடித்துப் பார்க்க ஒரே மனிதருக்குக் காலம் கொடுக்கப்பட்டது. நண்பர் கணக்கில் விட்டது இதைத்தான்.

நம்ம அரசுக் கல்லூரிகளுக்கு வருவோம். பணிமூப்புப் பட்டியலில் ஒருவர் பெயர் மேலே ஏறுவதற்குள் ஓய்வு வயது வாசலில் நிற்கிறது. முதல்வராகி, எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று தெரிவதற்குள் பலருக்குப் பிரிவு உபசார விழா. அடுத்தவர் வரும்வரை 'பொறுப்பு முதல்வர்'. புதிதாக எதையும் தொடங்க அவருக்கு எங்கே துணிச்சல் வரும்? வகுப்பறையில் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரில் மட்டும்தான், சம்பளத்தில் இல்லை.

இதனால் நஷ்டம் யாருக்கு? விடியுமுன் மல்லிகை பறித்துக் கொடுத்துவிட்டுப் புதுக்கோட்டைக்கு பஸ் பிடிக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு. காசு இருப்பவன் பிள்ளை எங்கேயோ போய்ப் படித்துக்கொள்ளும்.

"கவர்மெண்டுல அப்புடித்தான்" என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். முதல்வர் நாற்காலி பிரிவு உபசாரப் பரிசு இல்லை. பணிக்காலம் மிச்சமிருப்பவரைத் தேர்ந்தெடுங்கள், ஐந்து வருஷமாவது உட்கார வையுங்கள், பிறகு கணக்குக் கேளுங்கள். இதற்கு அமெரிக்கக் காசு வேண்டாம், ஓர் அரசாணை போதும்.

2018இல் கஜா புயல் சாய்த்த தோப்புகளில் மறுபடி தென்னங்கன்று வைத்தவர்கள் நாங்கள். நாலைந்து வருஷம் காத்திருக்காமல் தென்னை காய்க்காது என்பது எங்களுக்குத் தெரியும். கல்லூரிக்கு மட்டும் ஒரு வருஷம் போதும் என்று கோட்டையில் இருப்பவர்களுக்கு யார் சொன்னது?