சின்னக் கட்டி... பெரிய டென்ஷன்!

விரல் நுனியில் லேசா ஒரு கீறல். அதையெல்லாம் யார் கண்டுக்கிறது? ஆனா, ரெண்டு மூணு வாரத்தில் அதே இடத்தில் செக்கச் செவேல்னு குன்றிமணி சைஸில் ஒரு கட்டி. துண்டு பட்டால் ரத்தம். ரெக்கார்ட் நோட் எழுதினால் ரத்தம். 'கேன்சரா இருக்குமோ?'னு நடுராத்திரியில் வயிற்றைக் கலக்கும்.

பதறாதீங்க ஃப்ரெண்ட்ஸ்! பெரும்பாலும் இது 'பயோஜெனிக் கிரானுலோமா'. பேரைக் கேட்டா சீழ்க்கட்டி மாதிரி இருக்கும். ஆனா, இதில் சீழே கிடையாது. 1897-ல் இதைப் பற்றி எழுதிய போன்சே, டோர் என்ற பிரெஞ்சு டாக்டர்கள், கிருமித் தொற்றுன்னு நினைச்சாங்க. அந்தக் காலத்துக் குழப்பம் பேரில் ஒட்டிக்கிச்சு. நிஜத்தில் இது நுண்ணிய ரத்தக் குழாய்கள் கொத்துக் கொத்தா பெருகி உண்டாகும் சாதாரணக் கட்டி. அதான் தொட்டாலே ரத்தம்! உடம்பில் வேற இடத்துக்குப் பரவாது.

விரல், முகம், உதடு, ஈறுன்னு எங்கே வேணா வரலாம். அடிபட்டுத்தான் வரணும்னு இல்லை. கர்ப்பிணிகளுக்கு ஈறில் வரும். பருவுக்காக 'ஐசோட்ரெட்டினாயின்' மாத்திரை சாப்பிடுறவங்களுக்கும் சில சமயம் வரும். ஸோ, என்ன மாத்திரை எடுக்கிறீங்கன்னு டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க.

எப்படிக் கண்டுபிடிப்பாங்க? வேகமா வளர்ந்ததா, ஈரமா பளபளன்னு இருக்கா, சுலபமா ரத்தம் கசியுதா... பார்த்ததுமே தோல் டாக்டருக்குப் பாதி புரிஞ்சிடும். மீதியைச் சொல்றது பயாப்ஸி. ஏன்னா, 'மெலனோமா'ங்கிற ஆபத்தான தோல் புற்றுநோயில், கறுப்பு நிறமே இல்லாத ஒரு ரகம் அபூர்வமா இதே வேஷத்தில் வரும். வெறும் கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். மைக்ராஸ்கோப்பை ஏமாத்துறது கஷ்டம்!

இங்கேதான் நாம தப்பு பண்றோம். மருன்னு நினைச்சு நூல் கட்டுறது, சுண்ணாம்பு வைக்கிறது, பிளேடால் கிள்ளுறது... எல்லாத்துக்கும் தடா! ரத்தம் கொட்டும், புண்ணாகும். முக்கியமா, டெஸ்ட் பண்ண வேண்டிய சதையே போயிடும்.

ரத்தம் வந்தா, சுத்தமான துணியால் விடாமல் பத்து நிமிஷம் அழுத்திப் பிடிங்க. நடுவில் எடுத்து எட்டிப் பார்க்காதீங்க. மரத்துப்போக ஊசி போட்டு, கட்டியைச் சுரண்டி எடுத்து, அடியைச் சுட்டுவிடுவாங்க. சின்ன ஆபரேஷன்தான். சிலருக்குத் திரும்ப முளைக்கும், மறுபடியும் எடுத்துக்கலாம்.

கட்டியை எடுத்ததும், 'டாக்டர், இதை லேபுக்கு அனுப்புறீங்களா?'ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. ரிசல்ட் வந்ததும் நிம்மதியா தூங்கலாம்!