கீமேனின் கைப்பெட்டி

காரைக்குடியிலிருந்து ராமேசுவரம் போகிறவர்கள் கல்லல் ஸ்டேஷனைத் தாண்டும்போது ஜன்னல் வழியே பாருங்கள். தோளில் சுத்தியலும் கையில் சிவப்புக் கொடியுமாக, பாதையை விட்டு ஒதுங்கி ஒருவர் நிற்கக்கூடும். அவர்தான் கீமேன். தினமும் தண்டவாளத்தோடு நடந்து, கழன்ற கிளிப்புகளை அடித்து இறுக்குகிறவர்.

கிளிப்பு என்ன பிரமாதம் என்கிறீர்களா? 10 டிகிரி சூடு ஏறினால் ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் சுமார் 11 சென்டிமீட்டர் நீளப் பார்க்கும். சிவகங்கைச் சீமை வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா! இடைவெளி விடாமல் பற்றவைத்த தண்டவாளத்தை நீளவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பவை இந்தக் கிளிப்புகளும் ஜல்லியும்தாம். பிடி தளர்ந்தால் அது பாம்பாய் நெளிந்துவிடும்.

இப்போது ரயில்வேயில் பல இடங்களில் கீமேனுக்கு ஜி.பி.எஸ். பெட்டி கொடுத்திருக்கிறார்கள். குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞையை வாங்கி, அவர் நிற்குமிடத்தைச் சில மீட்டருக்குள் அது கணக்கிட்டுவிடும். விரிசல் கண்டால் பொத்தானை அமுக்க வேண்டியதுதான். இன்ன இடம் என்று ஆபீசுக்குத் தெரிந்துவிடும். பெட்டி இல்லாத நாளில், கிலோமீட்டர் கல்லை மனசில் வைத்துக்கொண்டு கேட்டுக்கோ ஸ்டேஷனுக்கோ ஓட வேண்டும்.

ஆனால் அவர் வேப்பமரத்தடியில் எத்தனை நிமிஷம் உட்கார்ந்தார் என்பதையும் அதே பெட்டி சொல்லிவிடுகிறது! (கடைக்குப் போகும் நம் பையனுக்கு ஒன்று வாங்கினால் என்ன என்கிறாள் என் மனைவி.)

ரயில் நெருங்குவதை முன்கூட்டியே தெரிவிக்கும் 'ரக்ஷக்' என்ற கருவியும் உண்டு. எதை முதலில் எல்லோர் கையிலும் கொடுக்கலாம் என்று, சாயங்காலம் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் கீமேனின் மனைவியைக் கேட்டால் சொல்லுவாள்.