இது ஓடுபவரை ஏமாற்றும் தீர்ப்பு

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்போல் பார்க்கிற நண்பர்களோடு எனக்குத் தீராத வாக்குவாதம் ஒன்று இருக்கிறது. பேஸ்போல் தெரியாதவர்களும் வாசியுங்கள், கிட்டத்தட்ட நமது ரன் அவுட் கதைதான்.

ஓடுபவர் இரண்டாம் பேஸுக்குச் சறுக்கி வருகிறார். பந்தோடு இருக்கும் கையுறை உடம்பில் படுமுன் அவரது கால் பேஸைத் தொட்டுவிடுகிறது. நடுவர் 'சேஃப்' என்கிறார். சரியான தீர்ப்பு. ஆனால் எதிரணி மறுபரிசீலனை கேட்கிறது. நியூயோர்க்கில் உட்கார்ந்து வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்க்கிறார்கள். வந்த வேகத்தில் கால் ஒரு கணம் பேஸை விட்டு எழும்பியிருக்கிறது, அந்நேரம் கையுறை உடம்பில் இருந்திருக்கிறது. உடனே அவுட்!

இதற்காகவா 2014இல் வீடியோ மறுபரிசீலனையை விரிவாக்கினார்கள்? 2010 ஜூன் 2ஆம் திகதியை நினைத்துப் பாருங்கள். டெட்ரொய்ட் அணியின் கலராகா 26 பேரையும் பேஸ் தொடவிடாமல் ஆட்டமிழக்கச் செய்திருந்தார். 27ஆவது ஆளும் அவுட்தான். நடுவர் ஜிம் ஜோய்ஸ் 'சேஃப்' என்றார். பிறகு வீடியோவைப் பார்த்து, தான் விட்டது பிழை என்று அவரே ஒப்புக்கொண்டார். கமரா திருத்த வேண்டியது அப்படியான பிழையை.

"பேஸில் இல்லாதபோது பந்து பட்டால் அவுட் என்றுதானே விதி?" என்பார்கள். உண்மை. ஆனால் அந்த விதி மனிதக் கண்ணுக்காக எழுதப்பட்டது. மயிரிழை இடைவெளியைக் கண்டுபிடிக்கும் கமராவுக்காக அல்ல.

கிரிக்கெட்டிலும் இதே அநியாயம் இருந்தது. கோட்டைத் தாண்டி ஊன்றிய துடுப்பு, ஓட்ட வேகத்தில் துள்ளி எழும்பினால் ரன் அவுட். 2017 ஒக்டோபரில் எம்.சி.சி. விதியையே மாற்றியது. ஓடியோ பாய்ந்தோ வந்து ஒருமுறை உள்ளே ஊன்றிவிட்டால், பிறகு துள்ளினாலும் அவுட் இல்லை.

பேஸ்போலுக்கும் இது புதிதல்ல. பந்தை அடித்துவிட்டு ஓடுபவர் முதலாம் பேஸைத் தாண்டிப் போனாலும், உடனே திரும்பி வந்தால் தொட்டு அவுட்டாக்க முடியாது. முதலாம் பேஸில் இருக்கும் நியாயம் இரண்டாம், மூன்றாம் பேஸில் எங்கே போனது?

பேஸைத் தாண்டிச் சறுக்கிப் போய் வெளியே கிடப்பவர் அவுட்டாகட்டும். பேஸுக்கு மேலேயே கால் துள்ளியவரை விட்டுவிடுங்கள். நடுவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: முதலில் வந்தது காலா, கையுறையா?

மாற்றுக்கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். ஆனால் "விதி விதிதான்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த விதி யாருக்கு நியாயம் செய்கிறது என்று சொல்லுங்கள்.