துடிப்பு வேறு, வலு வேறு

முதல் வெள்ளிதோறும் நோயாளருக்கு நற்கருணை கொண்டு செல்கையில், இப்பொழுது பல இல்லங்களில் ஒரே பேச்சைக் கேட்கிறோம்: "அம்மாவுக்குப் பேஸ்மேக்கர் வைத்தாயிற்று, சாமி. இனிப் பயமில்லை." கருவி பொருத்தப்பெற்று, தழும்பு ஆறி வீடு திரும்பிய தாயோ தந்தையோ சில காலம் நலமாகவே இருக்கின்றனர். பின்னர் மெல்ல மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது. போடியில் இருப்போர் அதை வயோதிகம் என்கின்றனர். மேலே குரங்கணியிலும் போடிமெட்டிலும் ஏலத்தோட்டங்களில் இருப்போர் மலைக்குளிர் என்கின்றனர். நெஞ்சில் கருவி இருக்கிறதே என்னும் நம்பிக்கை, கண்ணெதிரே வளரும் நோயை மறைத்துவிடுகிறது.

அக்கருவி செய்யும் பணிதான் என்ன? இதயம் துடிப்பதற்கான மின்கட்டளை தாமதமாகும்போது, அல்லது இடையில் தடைப்படும்போது, கருவி சிறியதொரு மின்தூண்டலை அனுப்பித் துடிப்பைக் காக்கிறது. அவ்வளவே. தோட்டத்து மணி நேரம் தவறாமல் அடிக்கலாம். வேலையாளின் கையில் வலுவில்லை என்றால் காய் மூட்டை நிறையுமா? இதயத்தசை வலுக்குன்றி, உடலுக்கு வேண்டிய இரத்தத்தைச் செலுத்த இயலாமற்போவது இதயச் செயலிழப்பு எனப்படும். துடிப்பு நிமிடத்துக்கு 70 என்று ஒழுங்காக இருக்கும்போதே அது முற்றலாம். மேலும், சிலருக்கு வலது கீழறையிலிருந்தே ஆண்டுக்கணக்கில் துடிப்புத் தூண்டப்பெறுவதால் இதயத்தின் வலு குறைவதும் உண்டு. எக்கோ பரிசோதனையில் அது தெரியவரும். இரு கீழறைகளையும் ஒருங்கே இயக்கும் வேறு வகைக் கருவி அவர்களுள் சிலருக்குப் பயன்படுகிறது. ஆகவே கருவி இருப்பது, மருத்துவரிடம் போகாதிருப்பதற்குக் காரணம் ஆகாது, போவதற்கே காரணம்.

அன்னை தெரசாவை நினைத்துப் பாருங்கள். 1983-இல் உரோமையில் அவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. 1989-இல் மீண்டும் ஏற்பட்டபின் பேஸ்மேக்கர் பொருத்தப்பெற்றது. அதன்பின்னும் கடல் கடந்து பயணம் செய்தார், பணியை விடவில்லை. ஆயினும் 1991-இல் மெக்சிகோவில் இருக்கையில் நிமோனியாவும் இதயத் தொல்லையும் அவரை வீழ்த்தின. 1996-இல் மலேரியாவோடு இதயச் செயலிழப்பும் சேர்ந்துகொண்டது. 1997 மார்ச்சில் சபைத் தலைமையை ஒப்படைத்தார். செப்டம்பர் 5-ஆம் நாள், தமது 87-ஆம் வயதில், கொல்கத்தாவில் இறைவனடி சேர்ந்தார். கருவி பொருத்தியபின் ஏறத்தாழ எட்டாண்டுகள் அவர் வாழ்ந்தார். நோய் தன் வழியே நடக்க, அவரைச் சுற்றியிருந்த கன்னியரும் மருத்துவரும் ஒவ்வொரு முறையும் கவனித்துச் சிகிச்சை தந்து வந்தனர்.

நம் வீட்டு அன்னையரை யார் கவனிக்கிறார்கள்? பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கின்றனர். தொலைபேசியில் "நல்லா இருக்கீங்களா அம்மா?" என்று கேட்டால், "நல்லா இருக்கேன்யா" என்பதைத் தவிர எந்தத் தாய் வேறு சொல்வாள்? பிள்ளையின் ஒரு நாள் கூலி போய்விடுமே என்றுதான் அவள் நினைப்பாள். ஆகையால் வேறு விதமாகக் கேளுங்கள். இரவில் எத்தனை தலையணை வைக்கிறீர்கள்? ஒன்று இரண்டாகி, பின்பு சுவரில் சாய்ந்தே உறங்கும் நிலை வந்ததா? நடுஇரவில் மூச்சுத்திணறி எழுந்து உட்காருகிறீர்களா? படுத்தால் இருமல் வருகிறதா? கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா? வயிறு உப்பிச் சோறு இறங்கவில்லையா? நாள்தோறும் காலையில் எடை பார்ப்பது நன்று. இரண்டு மூன்று நாளில் 2 கிலோ கூடினால் அது சதையன்று, நீர். அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறினாலும், மயங்கி விழுந்தாலும், நெஞ்சு வலித்தாலும் காய் எடுப்பு முடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

ஞாயிறு காலையில் நீர் மாத்திரையை விட்டுவிட்டுப் பூசைக்கு வரும் தாய்மார் சிலர் உளர். நடுவில் எழுந்து வெளியே போக நேருமே என்னும் கூச்சமே காரணம். நீங்கள் எத்தனை முறை எழுந்து போனாலும் ஆண்டவர் கோபிக்கமாட்டார். மாத்திரையை எந்நேரத்துக்கு மாற்றலாம் என்று மருத்துவரைக் கேளுங்கள். மூட்டு வலிக்கென்று கடையில் தாமாகவே வாங்கும் வலி மாத்திரைகளுள் பல உடலில் நீரைத் தேக்கி இதயத்தைக் கெடுக்கும். உப்பும் அப்படியே. தவக்காலத்தில் இறைச்சியை விலக்கிவிட்டுக் கருவாட்டையும் அப்பளத்தையும் கொண்டாடும் வீடுகளை நாம் அறிவோம்! இதய நோயாளிக்கு அது ஒறுத்தலில் சேராது. நோயாளரை உண்ணாநோன்புக்குத் திருச்சபை கட்டாயப்படுத்துவதுமில்லை.

மற்றோர் அச்சமும் நம் மக்களிடையே உலவுகிறது: கருவி இருப்பதால் கடைசி நேரத்தில் உயிர் பிரியாமல் வதைபடுமாம். அது வீண் அச்சம். இறக்கும் தறுவாயில் இதயத்தசை தூண்டலுக்கு இணங்குவதில்லை. எந்தப் பேஸ்மேக்கரும் சாவைப் பிடித்து நிறுத்தாது.

இதே அச்சத்தால்தான் எம்மை அழைக்கவும் தயங்குகின்றனர். சாமியார் வந்தால் நோயாளி நம்பிக்கை இழப்பார் என்கின்றனர். பழைய "அவஸ்தைப் பூசுதல்" என்னும் பெயர் இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை போலும். 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் இத்திருவருட்சாதனத்தின் சடங்குமுறையைப் புதுப்பித்தபோது, இது கடைசி மூச்சில் இருப்போர்க்கு மட்டும் உரியதன்று என்பது தெளிவாக்கப்பெற்றது. கடும் நோயுற்றோர், மூப்பால் தளர்ந்தோர் யாவரும் பெறலாம். அதே நோய் முற்றினால் மீண்டும் பெறலாம். தோட்டத்தில் இருப்போர் காலை ஜீப்பில் வருபவரிடம் சொல்லியனுப்பினால் போதும், நாம் வந்து சேருவோம். நோயாளி தம் வாயால் செபம் சொல்லக்கூடிய நிலையில் இருக்கும்போதே சொல்லியனுப்புங்கள்.