சிவந்த வால்வு குற்றவாளியா?

நம் பங்குக் கோவில்கள் சிலவற்றின் அறைகளிலும் வீட்டுப் பரண்களிலும் பழைய வால்வு ஆம்பிளிஃபயர்கள் தூசி படிந்து கிடக்கின்றன. 1931 பிப்ரவரி 12-ஆம் நாள் 11-ஆம் பத்திநாதர் பாப்பரசர் வத்திக்கான் வானொலியைத் தொடங்கி வைத்தபோது, அவர் குரலை உலகெங்கும் ஏந்திச் சென்றவை இத்தகைய வெற்றிடக் குழாய்களே. அத்தகைய கருவியொன்றைப் பழுதுபார்க்க முனையும் இளைஞருக்கு இம்மாதம் சில குறிப்புகள் தருவோம்.

முதற்கண் எச்சரிக்கை. இக்கருவியினுள் 250 முதல் 300 வோல்ட் வரை உயர் மின்னழுத்தம் உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் பெரிய ஃபில்டர் கண்டன்சரில் அது தங்கியிருக்கும், உயிரையும் பறிக்கும். 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரை உறையிட்ட கம்பிகளால் அதன் இரு முனைகளுக்கிடையே சில விநாடிகள் தொடுத்து, மீட்டரால் சோதித்த பின்னரே உள்ளே கைவைத்தல் வேண்டும். மின்சாரம் பாய்கையில் அளக்க நேர்ந்தால், அனுபவமுள்ள ஒருவர் அருகிலிருக்க, ஒரு கையாலேயே அளத்தல் நன்று. ஸ்பீக்கரை இணைக்காமல் கருவியை இயக்கலாகாது. அவுட்புட் டிரான்ஸ்பார்மர் கெடக்கூடும்.

ஓயாத உறுமல் கேட்கிறதா? வால்யூமை முற்றிலும் குறைத்துப் பாருங்கள். அப்போதும் உறுமல் மாறாதிருப்பின், பெரும்பாலும் முதுமையால் உலர்ந்துபோன ஃபில்டர் கண்டன்சரே காரணம். வால்யூமுடன் அதுவும் குறைந்தால், கோளாறு அதற்கு முந்திய பகுதியில் உள்ளது.

வேறொரு நோய் இதனினும் கொடியது. இ.எல். 84 போன்ற அவுட்புட் வால்வின் பிளேட் செக்கச் செவேலெனச் சிவந்து ஒளிரும். உடனே, "வால்வு போய்விட்டது" என்று புதியது வாங்கிப் பொருத்துவோர் பலர். அதுவும் சில நாட்களில் சிவந்து மடிகிறது. ஏன்?

முந்திய வால்விலிருந்து ஒலியை மட்டும் கடத்தி, நேர்மின்னழுத்தத்தைத் தடுத்து நிறுத்துவது சிறியதொரு கப்ளிங் கண்டன்சர். அது முதுமையால் கசியத் தொடங்கினால், அவ்வழுத்தம் அவுட்புட் வால்வின் கிரிட்டை அடைகிறது. வால்வினூடே மின்னோட்டம் கட்டுக்கடங்காது பெருகுகிறது. 12 வாட் வெப்பத்தையே தாங்கவல்ல பிளேட் சிவக்கிறது.

உண்மையை அறியும் வழி எளிது. கருவியை அணைத்து அவுட்புட் வால்வைக் கழற்றுங்கள். மீண்டும் இயக்கி, சாக்கெட்டின் 2-ஆம் முனைக்கும் சேசிஸுக்கும் இடையே அளவுங்கள். நேர்மின்னழுத்தம் தென்பட்டால் கண்டன்சரே குற்றவாளி. வால்வின்றிச் சுழியமாயிருந்து, வால்வைப் பொருத்தியபின் அழுத்தம் தோன்றினால், குறை வால்வினுடையதே. இச்சோதனையைச் சில நிமிடங்களுக்குள் முடித்துவிட வேண்டும்.

பழுது நீங்கியதை உறுதிசெய்ய, கேத்தோடு ரெசிஸ்டரை அளக்கலாம். 250 வோல்ட்டில் தனித்து இயங்கும் இ.எல். 84-க்கு, 135 ஓம் ரெசிஸ்டரில் ஏறத்தாழ 7 வோல்ட் காட்டினால் யாவும் நலமே.

சிவந்து நிற்பவனைக் குற்றவாளியென்று தீர்ப்பிடுதல் எளிது. நம் இல்லங்களிலும் இது நிகழ்கிறதன்றோ? முகம் சிவந்து சீறும் பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன், எவருடைய சுமை எவ்வழியே கசிந்து அவனை வந்தடைந்தது என்று சற்றே பொறுமையுடன் ஆராய்வோமாக.