போர் தொடங்கியது 1948இல்

ஜூலை வந்தால் தமிழ்நாட்டில் இலங்கைப் போரைப் பற்றிய கூட்டங்கள் நடக்கும், கட்டுரைகள் வரும். பெரும்பாலும் எல்லாமே 1983இல்தான் தொடங்கும். ஜூலை 23 இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் புலிகள் கண்ணிவெடி வைத்துத் தாக்கியதில் 13 சிப்பாய்கள் செத்தார்கள். மறுநாள் சவ அடக்கத்துக்குப் பொரளை கனத்தை மயானத்தில் கூடிய கூட்டத்திலிருந்து கலவரம் கிளம்பியது. கொழும்பில் தமிழர்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. வெலிக்கடைச் சிறைக்குள்ளேயே 25ஆம் தேதியும் 27ஆம் தேதியுமாக 53 தமிழ்க் கைதிகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். இதில் எதையும் மறக்கக் கூடாது. ஆனால் கரிசல்காட்டிலிருந்து வரும் ஒரு சிற்றிதழ் இந்தக் கதையை இன்னும் 35 வருஷம் முன்னால் போய்த் தொடங்க வேண்டும். முதல் அடி விழுந்தது நம் ஊர்ச் சனங்களின் மேல்.

கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம், சாத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் வயசானவர்களிடம் கேட்டால், இலங்கை மலையகத்துக்கு நம்மவர்கள் வைத்த ‘கண்டிச்சீமை’ என்ற பெயர் இன்னும் வரும். வானம் பார்த்த பூமி. இரண்டு வருஷம் மழை தப்பினால் பருத்தியும் இல்லை, கம்பும் இல்லை. தாது வருஷப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையே காலி செய்தது. அதற்கும் முன்பே இலங்கையில் வெள்ளைக்காரன் காப்பித் தோட்டம் போட்டிருந்தான். காப்பியை நோய் தின்ற பிறகு தேயிலைக்கு மாறினான். திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரை, திருச்சி, சேலம் ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்தார்கள். மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மலைக்கு நடந்தவர்களில் காய்ச்சலிலும் காலராவிலும் பாதையிலேயே விழுந்தவர்கள் ஏராளம். புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ படித்தவர்களுக்கு அந்தத் தோட்டத்து வாழ்வைச் சொல்ல வேண்டியதில்லை. போனவர்களில் மிகப் பெரும்பாலோர் நிலமில்லாத தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். இங்கே அவர்களுக்குப் பட்டா இல்லை. அங்கே அடைத்து வைத்தது வரிசை வரிசையான லயம்.

இலங்கை 1948 பிப்ரவரி 4இல் விடுதலை பெற்றது. அதற்கு முந்தைய வருஷத் தேர்தலில் இந்தத் தோட்டச் சனங்கள் வாக்களித்திருந்தார்கள். இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் நாடாளுமன்றம் போனார்கள்; அதில் ஒருவர் தலவாக்கலையில் வென்ற கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை. மற்றப் பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளிகளின் வாக்கு இடதுசாரிகளுக்கு விழுந்தது. பிரதமர் டி.எஸ். சேனநாயக்கவின் கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. விடுதலை வாங்கிய அந்த வருஷமே அவர் குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தார். இலங்கையில் பிறந்திருந்தாலும் போதாது. தகப்பன் அங்கே பிறந்ததற்கு, இல்லாவிட்டால் தாத்தாவும் பூட்டனும் அங்கே பிறந்ததற்குச் சான்று வேண்டும். லயத்தில் பிறந்த கூலியின் தகப்பனுக்கு எவன் பிறப்புச் சான்றிதழ் எழுதி வைத்தான்? ஏழு லட்சம் பேருக்கு மேல் நாடில்லாதவர்கள் ஆனார்கள். அடுத்த வருஷம் இன்னொரு சட்டத் திருத்தத்தால் வாக்கும் போயிற்று. 1952 தேர்தலில் அந்த ஏழு இடத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இதைத்தான் நாம் போரின் தொடக்கம் என்கிறோம். பெரும்பான்மைக்கு இருக்கிற கையெண்ணிக்கையை வைத்தே ஒரு கூட்டத்தைக் குடிமக்கள் பட்டியலிலிருந்து அடித்துவிட முடியும், யாரும் பெரிதாகக் கேட்கமாட்டார்கள் என்பதைக் கொழும்பு அன்றைக்குத் தெரிந்துகொண்டது. யாழ்ப்பாணத்து மேல்தட்டும் கேட்கவில்லை. தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் அதே வருஷம் அதே அரசில் மந்திரி ஆனார். இன்றைக்கு அவர்களுக்கு நடப்பது நாளைக்கு நமக்கும் நடக்கும் என்று எச்சரித்த எஸ்.ஜே.வி. செல்வநாயகம் கட்சியை உடைத்துக்கொண்டு வெளியேறி 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். எச்சரிக்கை பலிக்க எட்டு வருஷம்கூட ஆகவில்லை. 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி ஆனது. 1957இல் செல்வநாயகத்தோடு பிரதமர் பண்டாரநாயக்க செய்துகொண்ட ஒப்பந்தத்தை அவரே 1958இல் கிழித்தார்; அடுத்த மாதமே நாடு முழுக்கக் கலவரம். பிறகு பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல், 1972இல் புதிய அரசியல் சாசனம், 1976இல் தனிநாடு கேட்ட வட்டுக்கோட்டைத் தீர்மானம், 1981இல் யாழ் நூலகத்தின் 97,000 புத்தகங்களுக்கு வைத்த தீ. அறவழியில் ஒன்றும் நடக்காது என்று பையன்கள் முடிவு கட்டிய வரலாறு இதுதான். இது பல நூல்களில் விரிவாகவே இருக்கிறது.

நூல்களில் ஓரமாக ஒதுக்கப்பட்டது 1964 அக்டோபர் 30. அன்றைக்கு டெல்லியில் இரு நாட்டுப் பிரதமர்களான லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். நாடில்லாதவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கு. அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மிச்சம் 1,50,000 பேரைப் பிற்பாடு பார்க்கலாம். பத்து வருஷம் கழித்து அந்த மிச்சத்தையும் பாதிப் பாதியாகப் பங்கு வைத்தார்கள். மாட்டுத்தாவணியில் தலை எண்ணிப் பிரிப்பதைப் போல நடந்த இந்தப் பேரத்தில் கொழுந்து பறித்த ஒரு கையையும் யாரும் கேட்கவில்லை. நாலு தலைமுறைக்கு முன் தாத்தா விட்டுப்போன ஊருக்குப் பேரன் வந்திறங்கினான். தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல். மண்டபம் முகாமில் பதிவு. பிறகு நீலகிரியில் தேயிலைக் காடு, வேறு சிலருக்கு வியாபாரக் கடன், மற்றவர்களுக்கு அவரவர் பாடு. சொந்த ஊரென்று தேடி வந்தவர்களை நம் ஊர்கள் ‘சிலோன்காரன்’ என்றன. அங்கே ‘இந்தியாக்காரன்’, ‘தோட்டக்காட்டான்’. இங்கே இந்தப் பெயர். கரிசல் ஊர்களும் அந்த விஷயத்தில் யாருக்கும் குறைந்தவை இல்லை என்பதை நாம் ஒத்துக்கொண்டே ஆகவேண்டும்.

1984இல் போரால் கப்பல் நின்றது. இந்தியக் குடியுரிமை கையில் இருந்தும் ஏற முடியாமல் பல்லாயிரம் குடும்பங்கள் அங்கேயே மாட்டிக்கொண்டன.

அதற்கு முன்பே 1977 கலவரத்தில் தோட்டங்களும் தாக்கப்பட்டன. அடிபட்டவர்கள் வடக்கே போனால் தமிழர் நடுவில் பிழைக்கலாம் என்று வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுக் காடுகளுக்கு இறங்கினார்கள். அவர்களைக் குடியமர்த்த ‘காந்தியம்’ என்ற அமைப்பை நடத்தியவர்கள் கட்டடக் கலைஞர் எஸ்.ஏ. டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும். இருவரையும் 1983இல் கைது செய்தார்கள். இராஜசுந்தரம் வெலிக்கடையில் ஜூலை 27 அன்று கொல்லப்பட்டார். மேலே சொன்ன 53 பேரில் அவரும் ஒருவர். தோட்டத்துக் கூலிகளுக்கு நிலம் தேடித் தந்த ஒரு மருத்துவர்.

பிறகு நடந்ததைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தம், இந்திய அமைதிப்படை, அந்தப் படைக்கும் புலிகளுக்கும் நடந்த சண்டை, 1990இல் திரும்பிய படை. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1986இல் இன்னொரு தமிழ் இயக்கமான டெலோவின் பையன்களைப் புலிகள் சுட்டுக் குவித்தார்கள். 1990 அக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 70,000 பேரைக் கெடு வைத்து வெளியேற்றினார்கள். சேனநாயக்க சட்டத்தால் செய்ததைப் புலிகள் துப்பாக்கியால் செய்தார்கள். தமிழ்நாட்டு மேடைகள் இதைச் சொல்லாமல் தாண்டிப் போவது ஈழத்துச் சனங்களுக்குச் செய்யும் நன்மை அல்ல. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தபோது, கடைசி மாதங்களில் 40,000 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. நியமித்த நிபுணர் குழு பின்னால் எழுதியது. அந்த மணல்மேட்டில் சிக்கியிருந்தவர்களில் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்களும் இருந்தார்கள். இலங்கை ராணுவத்தின் குண்டுக்கும், தப்பி ஓடியவர்களைத் தடுத்த புலிகளின் துப்பாக்கிக்கும் நடுவில் நின்றவர்களில் எத்தனை பேரின் பூட்டன் நம் பக்கத்துக் கரிசலில் பருத்தி எடுத்தவன் என்று யாரும் கணக்கெடுக்கப் போவதில்லை.

படகேறித் தப்பியவர்கள் இங்கே வந்தார்கள். எட்டயபுரம் பக்கம் தாப்பாத்தியில் ஒரு முகாம் இருக்கிறது. தமிழ்நாடு முழுக்க நூற்றுக்கு மேற்பட்ட முகாம்கள், 50,000க்கும் மேற்பட்டவர்கள். 2021இல் தமிழக அரசு ‘அகதி’ என்ற பெயரை எடுத்து ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது, 7,469 வீடுகள் கட்ட நிதி ஒதுக்கியது. நல்ல காரியம். ஆனால் வீடு மாநில அரசின் கையில் இருக்கிறது, குடியுரிமை ஒன்றிய அரசின் கையில் இருக்கிறது. இந்தச் சனங்களில் பலர் சட்டத்தின் கண்ணில் ‘சட்டவிரோதக் குடியேறிகள்’. 2003ஆம் வருஷத்துத் திருத்தத்தின்படி பெற்றோரில் ஒருவர் அப்படி இருந்தாலே, அது நடைமுறைக்கு வந்த 2004 டிசம்பருக்குப் பின் இங்கே பிறந்த பிள்ளைக்கும் குடியுரிமை கிடையாது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் மூன்றையும் சேர்த்தது, இலங்கையை விட்டது. 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்தவர்களைக் கடவுச்சீட்டு, விசா இல்லாத குற்றத்திலிருந்து 2025இல் விலக்கியிருக்கிறார்கள். சிறைக்குப் போகவேண்டாம் என்பதுதான் அதன் பொருள். வாக்கு இல்லை, அரசு வேலை இல்லை.

முகாம்களில் இருப்பவர்களில் கணிசமானவர்கள் மலையகத்து வழி வந்தவர்கள். திருச்சி கொட்டப்பட்டு முகாம் முதலிய இடங்களிலிருந்து அப்படி 65 பேர் உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார்கள். அவர்கள் இந்திய வம்சாவளியினர், அவர்களுடைய குடியுரிமை விண்ணப்பங்களை அரசு பரிசீலிக்க வேண்டும் என்று 2019 ஜூனில் தீர்ப்பு வந்தது. இலங்கையே 2003இல் சட்டம் போட்டுத் தன்னிடம் மிஞ்சியிருந்த நாடற்ற மலையக மக்களுக்குக் குடியுரிமை கொடுத்துவிட்டது. 1964இல் கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொண்ட வம்சத்தில் இந்த முகாம்களில் இருப்பவர்களுக்கு இந்தியா இன்னும் கொடுக்கவில்லை.

தென்மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் நாம் கேட்பது ஒன்றுதான். முகாம்களில் உள்ள இந்திய வம்சாவளியினருக்கும் இந்த மண்ணில் பிறந்த பிள்ளைகள் அத்தனை பேருக்கும் குடியுரிமை தரும்படி சட்டத்தைத் திருத்தக் கோரி அவையில் தனிநபர் மசோதாவாவது கொண்டு வாருங்கள். வாசகர்களிடம் கேட்பதும் உண்டு. உங்கள் குடும்பத்தில் கண்டிச்சீமைக்குப் போய்த் திரும்பாத ஆள் யாராவது இருந்தால், பெயர், ஊர், போன வருஷம், தோட்டத்தின் பெயர் எதுவானாலும் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழிலிருந்து அவற்றை வரிசையாக அச்சிடுகிறோம்.