படைவீரரின் பிள்ளைக்கு ஊர் ஒப்புதல் எதற்கு?

எல்லையில் நிற்கும் சிப்பாயைக் காட்டியே இந்த நாட்டில் எல்லாக் கேள்விகளுக்கும் வாய்ப்பூட்டு போடுகிறார்கள். அந்தச் சிப்பாயும் செத்து, அவர் மனைவியும் செத்தபின் அநாதையாக நிற்கும் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று கேட்டுப் பாருங்கள். தேசபக்தர்களுக்குக் காது கேட்காது.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. பெற்றோர் இருவரையும் இழந்த படைவீரரின் பிள்ளைக்கு 25 வயது வரையோ, திருமணம் ஆகும் வரையோ, சொந்த வருமானம் வரும் வரையோ குடும்ப ஓய்வூதியம் உண்டு. மூத்த பிள்ளை தொடங்கி ஒருவர் பின் ஒருவராகக் கிடைக்கும். ஏழாவது ஊதியக்குழுவுக்குப் பிறகு குறைந்தபட்சம் மாதம் 9,000 ரூபாய், அதன்மேல் அகவிலைப்படி. ஓய்வூதியம் அரசு போடும் பிச்சையல்ல, உரிமை என்று 1971இல் தேவகிநந்தன் பிரசாத் வழக்கிலும், 1982இல் நகரா வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆனால் கம்மாபுரம் பக்கத்து ஊர்களில் மனு எழுதிக் கொடுப்பவன் என்ற முறையில் நடைமுறையைச் சொல்கிறேன். பிள்ளையின் பெயர் படைப்பிரிவின் ஆவணத்தில் ஏறியிருக்க வேண்டும். வாரிசுச் சான்றுக்கு விருத்தாசலம் தாலுகா அலுவலகம். முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குக் கடலூர். பிள்ளை மைனர் என்றால் நீதிமன்றத்தில் பாதுகாவலர் சான்று. மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் ஆவணம் வெலிங்டனில், ஓய்வூதியக் கணக்கு பிரயாக்ராஜில். நிலமுள்ள, படித்த, ஆபீசில் ஆள் உள்ள குடும்பம் இதைக் கடந்துவிடும். சேரியில் கூலிக்குப் போகும் பாட்டி எப்படிக் கடப்பார்?

இதைவிடக் கொடுமை, விசாரணை என்ற பெயரில் ஊரைக் கேட்பது. பெற்றோர் சாதி மறுத்து மணந்தவர்கள் என்றால், “அந்தக் கல்யாணமே எங்களுக்குத் தெரியாது” என்று ஒரு பெரியப்பா சொன்னால் போதும், கோப்பு நகராது. சாதிக்குள் இருந்தவனின் பிள்ளைக்குச் சொந்தம் சாட்சி. சாதியை மீறியவனின் பிள்ளைக்கு அதே சொந்தம்தான் எதிரி.

விருத்தாசலம் வட்டாரத்துக்கு இது புதிதல்ல. புதுக்கூரைப்பேட்டை முருகேசனும் கண்ணகியும் பதிவுத் திருமணம் செய்தவர்கள். அரசின் முத்திரை குத்திய காகிதம் அவர்களிடம் இருந்தது. 2003இல் விஷம் புகட்டி எரித்தார்கள். தீர்ப்பு வர 2021 ஆனது. அரசின் காகிதத்தை மதிக்காத சாதியிடமே போய், ஒரு பிள்ளை யாருடையது என்று அரசு ஏன் கேட்க வேண்டும்?

“போலி வாரிசுகள் வந்துவிடுவார்கள்” என்பார்கள். சரி, சரிபாருங்கள். பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, படைப்பிரிவின் பதிவு இருக்கிறதே! சுயமரியாதைத் திருமணத்தை அண்ணா அரசு 1967லேயே சட்டமாக்கிவிட்டது. திருமணமே செல்லாது என்றாலும் அதில் பிறந்த பிள்ளைக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு என்று 2000இல் ராமேஸ்வரி தேவி வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. பிறகு ஊர் வாய் எதற்கு?

அம்பேத்கரின் தந்தை ராம்ஜி, சுபேதார். 1818இல் கோரேகானில் போரிட்ட மகர்களை, 1890களில் ‘போர்க்குணம் கொண்ட இனம்’ என்ற கதை சொல்லி வெள்ளையன் படையிலிருந்து ஒதுக்கினான். படை வேலையும் அதன் ஓய்வூதியமும் ஒடுக்கப்பட்டவர் வீட்டில் புத்தகம் நுழைந்த வழி. அந்த வழியை அன்று ஆணை போட்டு அடைத்தார்கள், இன்று கோப்பைக் கிடப்பில் போட்டு அடைக்கிறார்கள்.

நம் கோரிக்கை எளியது. படைவீரர் குடும்பத்தில் பிள்ளை பிறந்ததுமே பெயரைப் பதிவு செய். தாயும் இறந்தால், பிள்ளையை அலைய விடாமல் அலுவலர் வீடு தேடிப் போகட்டும். உறவினர் ஒப்புதல் கேட்பதை நிறுத்து.

தோழர்களே, 1987ஆம் ஆண்டு சட்டப்படி குழந்தைகளுக்கும் பட்டியல் சாதியினருக்கும் இலவச சட்ட உதவி உண்டு. உங்கள் ஊரில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குக் கூட்டிப் போங்கள். கொடிக்கு வணக்கம் வைப்பதைவிட அது பெரிய வேலை.